பத்துக்கு ஐம்பது பைனாகுலர்: தை அமாவாசையில் ஏற்காட்டில் பார்த்தது

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. பற்றவைப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தே பழகிய கண் எனக்கு. ஐப்பசியில் 10×50 பைனாகுலர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. வெள்ளித் தராசில் வைத்தால் 870 கிராம். முதலில் வந்ததில் இரண்டு குழாயும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் இரண்டு நிலா தெரிந்தது; திருப்பி அனுப்பி மாற்று வர 12 நாள் ஆயிற்று. வந்ததும் தூரத்து டவர் விளக்கைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள். ஸ்டாண்டும் சேர்த்தே வாங்குங்கள், கையில் பிடித்தால் நட்சத்திரமெல்லாம் நடுங்கும்.

தை அமாவாசைக்கு மகளோடு ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்துக்குப் போனேன். கொட்டை காயவைக்கும் களத்தில் ஸ்டாண்டை நிறுத்தினோம். ஏழரை மணிக்கு வடமேற்கில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில், பஞ்சுத் திரி போல. அதன் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் எவ்வளவு திருகியும் கூர்மையாகவில்லை. அது எம்32 என்ற குள்ள கேலக்ஸி. பக்கத்தில் உள்ள இன்னொரு குள்ள கேலக்ஸியான எம்110 எனக்குப் பிடிபடவில்லை, மகள் தெரிகிறது என்றாள்.

தட்டு வடிவ கேலக்ஸியைச் சுற்றிப் பந்து போல ஒரு பரந்த உறை உண்டு, அதை ஹாலோ என்பார்கள். குள்ள கேலக்ஸிகள் அதற்குள் சுற்றுகின்றன. நம் பால்வீதிக்கே 50-க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் இப்போது நட்சத்திரம் பிறப்பதில்லை. ஹாலோவின் சூடான வாயுவுக்குள் புகுந்து போகும்போது நட்சத்திரம் பிறக்கத் தேவையான அவற்றின் குளிர்ந்த வாயு உரிந்துபோகிறது. வெள்ளிக்கட்டி வராத மாதத்தில் எங்கள் பட்டறை அப்படித்தான் கிடக்கும். உலை இருக்கும், உருக்கச் சரக்கு இருக்காது.

சரக்கு இன்னும் தீராதது பெரிய மெகல்லன் மேகம் என்ற கேலக்ஸி. நம் ஹாலோவுக்குள்ளேயே, 1,60,000 ஒளியாண்டில் இருக்கிறது. கொஞ்சம் பெரிய உடம்பு என்பதால் வாயுவைத் தக்கவைத்திருக்கிறது. பத்து மணிக்கு அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்பக்கம், அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் தேடினோம். சேலத்து வெளிச்சம் படர்கிற திசையும் அதுதான். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் இல்லை. லென்ஸில் பனி வேறு படிந்தது. துடைத்துவிட்டு, காலண்டர் தாளைச் சுருட்டி இரண்டு குழாயாக முன்னால் மாட்டினேன். அப்புறம் மெல்ல ஒரு மங்கல் தெரிந்தது, அதன் இடது ஓரத்தில் கடுகளவு வெண்மை. டரான்டுலா நெபுலா! புது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். 1987-இல் தெரிந்த சூப்பர்நோவாவும் (நட்சத்திர வெடிப்பு) அதன் பக்கத்தில்தான். மகள் அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை.

வலது கண் வளையம் மட்டும் குளிரில் இறுகிவிடுகிறது, மெதுவாகத் திருக வேண்டும். மற்றபடி கொடுத்த 7,400 ரூபாய்க்கு முழுத் திருப்தி. மாசி அமாவாசைக்கு எட்டு மணிக்கே மெகல்லன் மேகம் நேர் தெற்கில் நிற்கும். பங்குனியில் பொழுது சாயும்போதே இறங்கத் தொடங்கிவிடும், அதற்குள் போய்விடுங்கள்.