மாடா, மண்ணா, பாலா? எஃப்எஃப்ஏ போட்டிகளில் எந்த அணியில் சேர்வது

அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண் பாடம் எடுக்கும் மாணவர்களுக்கு எஃப்எஃப்ஏ ஒரு பெரிய வாசல். 1928-இல் கான்சஸ் சிட்டியில் ‘அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள்’ (Future Farmers of America) என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. விவசாயம் என்றால் ஏர் மட்டுமல்ல என்றாகிவிட்ட பிறகு, 1988-இல் பெயரை வெறும் மூன்று எழுத்தாக வைத்துக்கொண்டது. இதன் பணித்திறன் போட்டிகளைச் சிடிஇ என்பார்கள். கால்நடை, பூ வேளாண்மை, கோழி, காடு, கால்நடை மருத்துவம் என்று பதினைந்துக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவற்றில் அணிக்கு நான்கு பேர். பேச்சும் தலைமையும் சார்ந்தவை எல்டிஇ என்று தனிப் பிரிவு.

பிள்ளைகள் பொதுவாகத் தோழர்கள் இருக்கும் அணியில் போய்ச் சேர்கிறார்கள். அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு. பயிற்சியில் நீங்கள் சொன்ன விடை சரியா தவறா என்று அன்றைக்கே சொல்ல யார் இருக்கிறார்கள்? மாட்டுப் போட்டியில் அனுபவசாலியின் கண்தான் விடை. பாலில், மாதிரியைக் கலக்கியவருக்கு விடை தெரியும். மண்ணில், அளந்தால் விடை கிடைக்கும். மின்கம்பி இணைப்பில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

கால்நடை மதிப்பீடு

நான்கு விலங்குகள், 1 முதல் 4 வரை எண் போட்டு நிற்கும். இறைச்சிக் காளை, கிடாரி, பன்றி, செம்மறி, எதுவாகவும் இருக்கலாம். நல்லதிலிருந்து மட்டமானது வரை வரிசைப்படுத்த வேண்டும். 24 விதமாக வரிசைப்படுத்தலாம். நடுவர் குழுவின் வரிசை ஒன்றுதான். இப்படி நிற்கும் நான்கையும் சேர்த்து ஒரு வகுப்பு என்பார்கள். ஒரு வகுப்புக்கு 50 மதிப்பெண்.

புதியவர்களுக்குப் புரியாதது ‘கட்’ கணக்கு. முதல் ஜோடி, நடு ஜோடி, கடைசி ஜோடி ஆகியவற்றுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்று நடுவர்கள் மூன்று எண் தருவார்கள். நடுவர் வரிசை 2-4-1-3, கட் 3, 5, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 4-2-1-3 போட்டால் முதல் ஜோடி மட்டும் மாறியது. 3 போய் 47. நடு ஜோடியை மாற்றி 2-1-4-3 போட்டால் 45. 1-ஐத் தூக்கி முதலில் வைத்து 1-2-4-3 போட்டால், 2-ஐத் தாண்டியதற்கு 3+5, 4-ஐத் தாண்டியதற்கு 5, ஆக 13 போய் 37. முழுக்கத் தலைகீழாக 3-1-4-2 போட்டாலும் 15 மிஞ்சும்.

ஆகவே, ஒட்டி நிற்கும் ஜோடியை வெறித்துப் பார்த்து நேரத்தைக் கரைப்பது வீண். 25, 30 அடி தள்ளி நின்று, கண்ணை உறுத்தும் அளவுக்கு நல்லதோ மட்டமோ எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒன்று இடம் பிசகாமல் இருந்தால் மதிப்பெண் பெரிதாகச் சரியாது. கிட்டே போய் நிற்பவருக்கு முடியும் தோலும் தெரியும். உடலின் கட்டும் நடையும் தெரியாது.

வரிசை போட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. சில வகுப்புகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். குறிப்பைப் பார்க்காமல், நடுவருக்கு எதிரே நின்று, இரண்டு நிமிடத்துக்குள். அதற்குத் தனியாக 50. முறை இதுதான்: 2-ஐ ஏன் 4-க்கு மேலே வைத்தேன், 4-இல் 2-ஐவிட நல்லது எது என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் 4-இன் குறை இது. பிறகு அடுத்த ஜோடி. ‘நல்ல முதுகு’ என்றால் மதிப்பெண் இல்லை. ‘4-ஐவிட இடுப்பு அகலம், பின்னங்காலில் சதை அதிகம்’ என்றால்தான் உண்டு. மனப்பாடம் செய்த வாக்கியத்தை எல்லா வகுப்புக்கும் ஒப்பிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இல்லாத குணத்தைச் சொன்னால் நடுவர் எழுதி வைத்துக்கொள்வார், கேள்வி வரும்போது அதையே கேட்பார். வரிசை தவறினாலும் கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொன்னவருக்கு நல்ல மதிப்பெண் கிடைப்பதுண்டு.

நம்மூர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், விலையைத் துண்டுக்கு அடியில் விரலால் பேசி முடிப்பார்கள். ஏன் வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அந்த ‘ஏன்’ பாதி மதிப்பெண்.

இன்னொரு பொறி, ஈபிடி எண்கள். ஒரு காளையின் கன்றுகள் மற்றொன்றின் கன்றுகளிலிருந்து சராசரியாக எவ்வளவு வேறுபடும் என்று சொல்பவை அவை. பிறப்பு எடைக்கு ஒரு காளைக்கு +1, இன்னொன்றுக்கு +4 என்றால், முதலாவதின் கன்றுகள் சராசரியாக 3 பவுண்டு இலேசாகப் பிறக்கும். கேள்வித்தாளில் ‘முதல் ஈற்றுக் கிடாரிகளுக்கு இணைசேர்க்க’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கட்டான காளையை மேலே வைப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கன்று பெரிதானால் கிடாரி ஈனத் திணறும். அந்தப் பண்ணைக்கு வேண்டியது இலேசான கன்று.

பலவீனம்? விலங்கு வேண்டும், அதைவிட முக்கியமாகத் திருத்திச் சொல்லும் கண் வேண்டும். ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால், தவறான கண்ணோடு ஒரு வருடம் ஓடிவிடும்.

நில மதிப்பீடு

இது இண்டியானாபோலிஸில் நடக்கும் எஃப்எஃப்ஏ தேசிய மாநாட்டின் சிடிஇ பட்டியலில் இல்லை. தேசிய அளவில் ஓக்லஹோமா சிட்டியில் 1952 முதல் மே மாதத்தில் தனியாக நடக்கிறது. எஃப்எஃப்ஏ, 4-எச் (இன்னொரு அமெரிக்க இளைஞர் அமைப்பு) இரண்டு அமைப்பினரும் வருவார்கள். எந்த நிலம் என்பது போட்டி நாள் வரை ரகசியம்.

வெட்டி வைத்த குழியில் மண்ணை எடுத்துப் பதம் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி அளவு மண், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி ஆகும்வரை பிசைவது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தள்ளி நாடாவாக நீட்ட வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் களி குறைவு. ஒன்று முதல் இரண்டு அங்குலம் என்றால் நடுத்தரம். இரண்டைத் தாண்டினால் களிமண். பிறகு உள்ளங்கையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்த்தால், நறநறவென்றிருப்பது மணல், மாவு போல் வழுக்குவது வண்டல்.

தவறு எங்கே வருகிறது என்றால், காய்ந்த களிக் குருணைகள் பிசையும்வரை மணல் மாதிரியே நறநறக்கும். ஒரு நிமிடமாவது பிசையாமல் தீர்ப்புச் சொன்னால் களிமண்ணை மணல் கலந்தது என்று எழுதிவிடுவீர்கள். தண்ணீர் கூடிப்போனால் நாடா தன் பாரத்தில் அறுந்து களி குறைவாகத் தெரியும்; கொஞ்சம் காய்ந்த மண்ணைச் சேர்த்துத் திரும்பப் பிசையலாம்.

வாட்டம் பார்ப்பது எளிது: 100 அடிக்கு 4 அடி இறங்கினால் 4 சதவீதம். ஆழம், நீர் இறங்கும் வேகம், அரிப்பு எல்லாம் சேர்ந்து நிலத்துக்கு 1 முதல் 8 வரை வகுப்புக் கிடைக்கும். முதல் நான்கும் உழவுக்கு ஆகும். சராசரி எடுப்பதில்லை, எது மிக மோசமோ அதுதான் வகுப்பைத் தீர்மானிக்கும். பத்து அங்குலத்தில் பாறை தட்டினால் மேல்மண் எவ்வளவு அருமையாக இருந்தும் பயனில்லை.

மாட்டுப் போட்டியோடு இதுதான் பெரிய வேற்றுமை. அங்கே ஒரு வகுப்பில் சறுக்கினால் அடுத்தது புதிதாகத் தொடங்கும். இங்கே பதம் தவறினால் நீர் இறங்கும் வேகம் தவறும், வகுப்பு தவறும், பரிந்துரைக்கும் வரப்பும் மூடுபயிரும் தவறும். ஒரே தவறுக்கு நாலு இடத்தில் அடி.

வீட்டுமனை மதிப்பீடு என்று இதன் தம்பி ஒன்று உண்டு. அதே குழி, வேறு கேள்வி: அஸ்திவாரம் நிற்குமா, கழிவுநீர்த் தொட்டியின் தண்ணீர் வடியுமா? நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களி வீட்டைப் பிளக்கும். மணல் தண்ணீரைச் சுத்தமாகும் முன்பே நிலத்தடிக்கு விட்டுவிடும்.

செலவு கணக்கில் இதற்கு ஈடில்லை. மண்வெட்டி, தண்ணீர்ப் புட்டி, அளவு நாடா போதும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசு வெளியிட்டிருக்கும் மண் வரைபடத்தோடு விடையை ஒத்துப் பார்க்கலாம். பெரிய பரப்புக்குப் போட்ட வரைபடம் என்பதால் ஒரு குழியில் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

பால் தரம்

பத்துக் கோப்பைப் பால். ஒவ்வொன்றிலும் என்ன குறை? தீவன வாடை, பூண்டு வாடை, புளிப்பு, கசப்பு, உப்பு, மால்ட் (முளைகட்டிய தானிய வாடை), தண்ணிப்பால், காறல், காகித அட்டை வாடை, அல்லது குறையே இல்லை. பாலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் வாடை எழாது. மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கு. பிறகு ஒரு வாய், நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, மூக்கு வழியே மூச்சை விட வேண்டும். காறலும் தீவனமும் அந்த மூச்சில்தான் பிடிபடும். பூண்டுக் கோப்பைக்குப் பின் வாயைக் கொப்பளிக்காமல் அடுத்ததை எடுத்தால் மீதி எல்லாம் பூண்டுதான்.

மாதிரிகளைச் சமையலறையிலேயே செய்யலாம். ஆறில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் தண்ணிப்பால். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி 20, 30 நிமிடம் நல்ல வெயிலில் வைத்தால் அட்டை வாடை. கொஞ்சம் மோர் சேர்த்தால் புளிப்பு. காறல் வேண்டுமானால் காய்ச்சாத பாலையும் கடைப் பாலையும் சமமாகக் கலந்து குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பார்கள். கடைப் பாலில் கொழுப்புத் துளி உடைக்கப்பட்டிருக்கும். பச்சைப் பாலில் உள்ள லைபேஸ் நொதி அதைத் தின்று காறல் அமிலங்களை விடும். இதை வாயில் வைக்கும் முன் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் சிலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது.

மடிநோய்ச் சோதனையும் தெரிந்திருக்க வேண்டும். துடுப்பு மாதிரியான தட்டின் குழியில் 2 மில்லி பால், அதே அளவு ஊதா மருந்து, சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். இலேசாகத் தடித்து, ஆட்ட ஆட்ட மறைந்தால் ‘சுவடு’. நடுவில் குவிந்து முட்டை வெள்ளைக்கரு போல் நின்றால் உச்ச அளவான 3. கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் சுவடைத் தவற விடுவார்கள். பாலாடைக்கட்டி அடையாளம் காண்பதுதான் பணம் தின்னும் பகுதி. பிரீ, கௌடா, ஃபெட்டா, புளூ என்று வாங்கினால் பை கனத்துப் பர்ஸ் மெலியும். சிறு துண்டுகளாக வாங்கி அணி முழுக்கப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு நேரடியாகப் போகும் பாதையும் இதில்தான் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்காவில் பண்ணையிலிருந்து பால் ஏற்றும் லாரிக்காரர் தொட்டியைத் திறந்து மோந்து பார்த்து, வெப்பநிலை 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுவார். கெட்ட வாடை என்றால் ஏற்றமாட்டார்.

மற்றவை

வேளாண் தொழில்நுட்பமும் இயந்திரமும் என்ற போட்டிக்குப் பட்டறை இல்லாத பள்ளி போகவே வேண்டாம். பட்டறை இருந்தால் திருத்த ஆளே தேவையில்லை. இரு இடத்திலிருந்து ஒரு விளக்கைப் போட்டு அணைக்கும் இணைப்பைப் பலகையில் செய்து பாருங்கள். சுவிட்சில் நிறம் கறுத்த திருகு பொது முனை. மின்சாரம் வரும் கம்பியை அதில் போடாமல் மற்ற இரண்டில் ஒன்றில் போட்டால், விளக்கு சில நிலைகளில் எரிந்து ஏமாற்றும். நான்கு நிலைகளையும் சோதிக்காமல் ‘முடிந்தது’ என்று கை தூக்கக்கூடாது. வெள்ளைக் கம்பியை (அமெரிக்காவில் அதுதான் நியூட்ரல்) சுவிட்சில் வெட்டினால் விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். அது ஆபத்து.

எல்டிஇ-யில் ஆறு பேர் சேர்ந்து சபை நடத்தும் நாடாளுமன்ற நடைமுறைப் போட்டி, விண்ணப்பமும் நேர்காணலும் கொண்ட வேலைத்திறன் போட்டி, 7 முதல் 9-ஆம் வகுப்பினருக்கான உறுதிமொழிப் பேச்சு ஆகியவை உண்டு. இவை மாட்டுக் காரணம் சொல்பவருக்குப் பாதி கைவந்தவை.

முதல் ஆண்டு மண், அடுத்து பால், மூன்றாவது ஆண்டில் கால்நடை என்பது எங்கள் வரிசை. பக்கத்திலேயே நல்ல கால்நடைப் பயிற்சியாளர் இருந்தால் மட்டும் இதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு சிடிஇ-யின் தேசியப் போட்டியில் ஒரு மாணவர் ஒரே முறைதான் இறங்கலாம். எதில் வெல்ல நினைக்கிறீர்களோ அதற்கு முதிர்ந்த பிறகு போவதே கணக்கு. விதிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். 2017–21 கையேட்டை வைத்துப் படித்துவிட்டு 2022–26 விதியில் போய் நின்றால், பயிற்சி செய்த பகுதி போட்டியிலேயே இல்லாமல் போகலாம்.