ஜன்னல மூடுனா எதிரொலி, திறந்தா பஸ் ஹாரன்: வாடகை வீட்டுல மூணு வருஷ ரெக்கார்டிங் ரூம் அனுபவம்

வளசரவாக்கத்துல ஆற்காடு ரோட்டுல இருந்து ரெண்டாவது வீடு, முதல் மாடி, வாடகை. நான் டப்பிங், ஆடியோபுக், விளம்பரக் குரல் எல்லாம் பண்றேன். சாலிகிராமம் ஸ்டூடியோவுக்கு டெய்லி ஓட முடியாதுன்னு பையனோட ரூம (11க்கு 10, உயரம் 10 அடி) ரெக்கார்டிங் ரூமா மாத்தி மூணு வருஷம் ஆகுது. போட்ட காசுல பாதி தண்டம், அது எந்தப் பாதின்னு தெரியவே எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

முதல்ல பண்ண கூத்து ஃபோம். ஆன்லைன்ல 'சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்'னு போட்டிருந்துச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு இன்ச் தடிமன், பிரமிடு பிரமிடா இருக்கும்ல அதேதான், 48 பீஸ், கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபா. டபுள் டேப் நிக்கலைன்னு பெவிகால் மாதிரி ஒரு பசையத் தடவி ரெண்டு சுவர்ல ஒட்டிட்டு, ரூம் கதவ சாத்திட்டு ஆசையா ஹெட்ஃபோன் மாட்டி ரெக்கார்ட் பண்ணிப் பாத்தா, பஸ் ஹாரன் அப்படியே இருக்கு, கீழ பூ விக்கிற அம்மா குரல் அப்படியே இருக்கு, சொல்லப்போனா முன்ன விட தெளிவா கேக்குது! காரணம் ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, ரூமுக்குள்ள இருந்த எதிரொலி கொஞ்சம் குறைஞ்சதால வெளிச் சத்தம் தனியா துருத்திக்கிட்டு தெரிஞ்சிருக்கு.

இங்கதான் எல்லாரும் குழம்புறோம். வெளிய இருக்குற சத்தம் உள்ள வராம தடுக்குறது ஒரு வேலை, உள்ள நாம பேசுற சத்தம் சுவர்ல பட்டு திரும்பி மைக்குக்கு வராம பாத்துக்குறது வேற வேலை. முதல் வேலைக்கு கனம் வேணும், ஓட்டை இல்லாம இருக்கணும். ரெண்டாவதுக்கு காத்து நுழையுற மாதிரி பொசுபொசுன்னு தடிமனா ஏதாவது வேணும். ஃபோம்ல கனமே இல்ல, அது எப்படி பஸ்ஸ தடுக்கும்? முட்டை ட்ரே ஒட்டுறவங்களுக்கும் இதேதான், அதுல ரெண்டு வேலையுமே உருப்படியா நடக்காது.

அதுவும் ஒரு இன்ச் ஃபோம் மேல் ஸ்வரத்த மட்டும்தான் தின்னும், சகார ஷகாரம் எல்லாம் மழுங்கிப்போகும், 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்குற டப்பா சத்தம் அப்படியே நிக்கும். போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு ஒரு கிளையன்ட் ஃபைல திருப்பி அனுப்பிட்டார். இன்னொண்ணு, சாதா பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடிச்சா அவ்ளோதான். 2003ல அமெரிக்கால ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப்ல மேடை வாணவேடிக்கைல ஃபோம் பத்திக்கிட்டு 100 பேர் செத்தாங்க. இதப் படிச்ச அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கம் வரல, பக்கத்து ரூம்ல பையன் படுத்திருக்கான்.

ரெண்டாவது ரவுண்டு ஜன்னல். பழைய அலுமினிய ஸ்லைடிங்க அப்படியே விட்டுட்டு, அதுக்கு உள்பக்கம் நாலு இன்ச் இடைவெளி விட்டு கதவு மாதிரி திறக்குற யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், லேமினேட்டட் கிளாஸ் (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஏடு வச்சு ஒட்டுனது) போட்டு, 24 ஆயிரம். ஸ்லைடிங் வாங்காதீங்க, ஓடுற ஜன்னல்ல எப்பவும் சந்து இருக்கும். போட்டதும் ஹாரன் நல்லாவே குறைஞ்சுது ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்ல. ஆசாரி அண்ணன் வந்து பாத்துட்டு லைட்ட அணைச்சு, ஹால்ல டார்ச் அடிக்கச் சொல்லி கதவுக்கு அடில குனிஞ்சு பாத்தார். "எம்மா, இங்க பாருங்க, அரை இன்ச்சு வெளிச்சம் வருது, வெளிச்சம் வர்ற வழியா சத்தம் வராதா?" அவ்ளோதான் விஷயம். ஒரு கதவுலயோ சுவர்லயோ நூத்துல ஒரு பங்கு ஓட்டையா இருந்தா, மீதி 99 பங்கு எவ்ளோ கெட்டியா இருந்தாலும் மொத்தமா 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. கதவு சாத்துனா தானா கீழ இறங்குற ரப்பர் பட்டி, மூணு பக்கமும் நிலைல கேஸ்கட், ஏசி பைப் போற ஓட்டைக்கு சிலிக்கான், எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. காசுக்கு பலன்னு பாத்தா இந்த மூணு வருஷத்துல இதுதான் ஃபர்ஸ்ட்.

ஆனா பாருங்க, ரூம இறுக்கி மூடுனதும் எதிரொலி ஏறிடுச்சு. கை தட்டுனா ஒரு 'டிர்ர்ங்'னு கம்பி அதிருற மாதிரி வரும். ஏன்னா உலகத்துலயே நல்ல சவுண்ட் அப்சார்பர் எதுன்னா திறந்த ஜன்னல்தான், போன சத்தம் திரும்பியே வராது. இது நான் சொல்றது இல்ல, 1895ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கும் புரியலைன்னு சேபின்னு ஒரு வாத்தியார்கிட்ட விட்டாங்க, அவர் பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் குஷனா தூக்கிட்டு வந்து, ராத்திரி ராத்திரி ஒரு ஆர்கன் பைப்ப ஊதி ஸ்டாப் வாட்ச் வச்சு அளந்திருக்கார். சத்தத்த உறிஞ்சுற அளவுக்கு அவர் வச்ச அலகே திறந்த ஜன்னல்தான். நான் அந்த ஜன்னலத்தான் 24 ஆயிரம் குடுத்து அடைச்சிருக்கேன்.

அப்புறம்தான் ராக்வூல், அதாவது கல்ல உருக்கி இழையாக்குன பஞ்சு. 48 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ), ரெண்டு இன்ச் ஷீட், நாலுக்கு ரெண்டு அடி மர ஃப்ரேம்ல போட்டு காட்டன் துணி சுத்தி எட்டு பேனல், கூலியோட பன்னெண்டாயிரம். துணிய வாய்ல வச்சு ஊதிப் பாருங்க, காத்து அந்தப்பக்கம் போகணும், ரெக்ஸின்லாம் சுத்தவே கூடாது. சுவர்ல ஒட்டாம ரெண்டு இன்ச் தள்ளி மாட்டுனா இன்னும் கீழ் ஸ்வரம் வரைக்கும் பிடிக்கும். ஃப்ரேம் போடும்போது ஃபுல் கை சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க, எனக்கு மூணு நாள் கை அரிச்சுது. மாட்டுன அன்னிக்கு டப்பா சத்தம் போச்சு, குரல் குரலா கேட்டுச்சு. பேஸ் மட்டும் இன்னும் முழுசா சரியாகல, அகலமும் உயரமும் ஒரே 10 அடிங்கிறதால 56 ஹெர்ட்ஸ்ங்கிற அடி ஸ்வரத்துல ரெண்டு பக்கத்து எதிரொலியும் சேந்து கும்முனு ஊதும், என் குரல் அவ்ளோ கீழ போகாது, தப்பிச்சேன். ஆம்பளக் குரல் பண்றவங்க மூலைல நாலு இன்ச்சுக்கு மேல தடிமனா வைங்க. சொல்ல மறந்துட்டேன், ரூம்ல ஸ்டீல் பீரோ இருந்தா வெளிய தள்ளிடுங்க, நான் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துல 'ம்ம்'னா அதோட கதவும் கூடவே 'ம்ம்'ங்குது, அது பீரோன்னு கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு.

இப்போ ரூம் சும்மா இருக்கும்போது ரெக்கார்டிங்ல சத்தம் மைனஸ் 61 டெசிபல், ஆரம்பத்துல மைனஸ் 47 (மைனஸ் நம்பர் பெருசாக ஆக சத்தம் கம்மின்னு அர்த்தம்). ஏசிஎக்ஸ் மாதிரி ஆடியோபுக் ஆட்கள் மைனஸ் 60க்கு கீழ கேப்பாங்க, பாஸ். ஆனா ஃபேனும் ஏசியும் ஆஃப். மே மாசம் 20 நிமிஷத்துக்கு மேல உள்ள உக்கார முடியாது, காத்தே இல்லாம தலை வலிக்கும், ரெண்டு சேப்டருக்கு ஒரு தடவ கதவத் திறந்து வச்சுட்டு வெளிய வந்துடுவேன். சவுண்ட் ப்ரூஃப் ரூம் விக்கிறவங்க யாரும் இத வாயத் திறந்து சொல்றதில்ல.

ரூமுக்குள்ள எத மாட்டுனாலும் தடுக்க முடியாதது ரெண்டு. ஒண்ணு மெட்ரோ வேலை, பைலிங் (தூணுக்கு அஸ்திவாரம்) போட்டப்ப அதிர்வு தரை வழியா வந்துச்சு, அந்த நாள்ல நைட் பதினொன்னுக்கு மேலதான் நான் ரெக்கார்ட் பண்ணேன். இன்னொண்ணு மேல்வீட்டு கிரைண்டர். இதுவும் கான்க்ரீட் வழியாவே இறங்கும், ரூமுக்குள்ள இன்னொரு ரூம் மிதக்குற மாதிரி கட்டுனாதான் நிக்கும்னு ஒருத்தர் நாலரை லட்சம் கொட்டேஷன் குடுத்தார். வாஷிங் மெஷினுக்கு அடில வைக்கிற ரப்பர் பேட் நாலு வாங்கிட்டு மேல போனேன். "இதுக்கா தயங்கிட்டு நின்ன, முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா"ன்னு அக்காவே கிரைண்டர தூக்கிப் பிடிச்சாங்க. 300 ரூபா. முழுசா போகல, முக்கால்வாசி போச்சு, மீதிக்கு மாவாட்டுற நேரத்த எனக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுறாங்க.

மூணு வருஷத்துல என்ன தாங்குச்சுன்னா, பேனல் ஆறு புதுசு மாதிரி இருக்கு. வெளிச்சுவர்ல மாட்டுன ரெண்டு மட்டும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் சுவர் ஓதம் ஏறி பின்னாடி பூஞ்சை புடிச்சு துணி மாத்த வேண்டியதாச்சு. ஜன்னல் கேஸ்கட் வெயில்ல சுருங்கி போன வருஷம் ஒரு தடவ மாத்தியாச்சு. ஃபோம் மஞ்சளாகி, தொட்டா மாவா உதிர்ந்துச்சு, புடுங்கும்போது பெயிண்ட்டும் வால் புட்டியும் சேந்து வந்து சுவர் அம்மை போட்ட மாதிரி கிடக்கு.

இப்போ ஓனர் பையன் பெங்களூர்ல இருந்து திரும்பி வரானாம், மார்ச்சுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பேனல் எட்டும் கொக்கில இருந்து கழட்டுனா ஆட்டோலயே போயிடும். ஜன்னல் போகாது, கழட்டுனாலும் புது வீட்டு அளவுக்கு சேராது. பாதி காசாவது ஓனர்கிட்ட கேக்கலாம்தான், ஆனா வாயத் திறந்தா ஃபோம் ஒட்டுன சுவருக்கு பெயிண்ட் காசு அட்வான்ஸ்ல பிடிப்பார், அதான் யோசிச்சுட்டு இருக்கேன்.