முந்திரித் தோப்புக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று: செண்டினலும் நிசாரும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி உடையாமல் இருக்கும். அவ்வாறு இறைப்பதால் சுற்றுப்புற நிலம் தாழ்கிறதா என்று விண்ணிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஐரோப்பாவின் செண்டினல்-1, இஸ்ரோவும் நாசாவும் இணைந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் ஆகிய ரேடார் செயற்கைக்கோள்கள். வெவ்வேறு நாட்களில் எடுத்த இரு ரேடார் படங்களில், திரும்பி வந்த அலையின் கட்ட வேறுபாட்டை (அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் மாற்றத்தை) கொண்டு நிலத்தின் நகர்வைக் கணக்கிடுவதே இரண்டுக்கும் பொதுவான முறை. மாறுவது அலைநீளம்: செண்டினலுக்குச் சுமார் 5.6 செ.மீ., நிசாரின் எல்-அலைவரிசை (எல்-பேண்ட்) ரேடாருக்குச் சுமார் 24 செ.மீ.

புதுச்சேரி நகருக்குச் செண்டினலே போதும். மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், இரும்புத் தூண் ஆகியவை ஆண்டுக்கணக்கில் மாறாமல் அலையைத் திருப்பி அனுப்புவதால், அந்தப் புள்ளிகளை மட்டும் தொடர்ந்து கவனித்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்வைக்கூடப் பிரித்தறியலாம். 2014 முதல் சேர்ந்துவரும் படங்கள் இலவசமாகக் கிடைப்பதும் பெரிய வசதி. புதிதாக வந்த நிசாரிடம் அந்தப் பழைய இருப்பு இல்லை.

பண்ருட்டிப் பக்கம் போனால் கதை மாறுகிறது. முந்திரியின் அடர்ந்த இலையிலும் சிறு கிளையிலும் பட்டே செண்டினலின் அலை பெரும்பாலும் சிதறிவிடுகிறது. 12 நாள் கழித்து அதே இலைகள் அதே நிலையில் இருப்பதில்லை என்பதால் இரு படங்களும் ஒத்துப்போகாமல், கட்ட வரைபடத்தில் வெறும் புள்ளிக் குப்பையே மிஞ்சும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். நீண்ட அலையோ இலையைக் கடந்து தடித்த கிளை, அடிமரம், தரை வரை செல்வதால் இரு படங்களும் ஒத்துப்போகும் தன்மை, அதாவது ஒத்திசைவு, நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. சுரங்க மண்மேடு வேகமாகச் சரியும்போதும் நிசாருக்கே வலு அதிகம்: கட்டத்தின் ஒரு முழுச் சுற்று செண்டினலில் 2.8 செ.மீ. நகர்வையும் நிசாரில் சுமார் 12 செ.மீ. நகர்வையும் குறிப்பதால், எத்தனை சுற்று என்ற குழப்பம் நிசாரில் குறைவு.

நீண்ட அலைக்கும் ஒரு குறை உண்டு. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அதைப் பல மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது. அந்தப் பாதிப்பு வலுவாக உள்ள காந்த நடுக்கோட்டுப் பகுதி நம் தென்கோடி வழியே செல்வதால், அதைக் கணக்கிட்டு நீக்கும் திருத்தம் இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

நில உயரத்தை வரைவதற்கு இரண்டுமே முதல் தேர்வு அல்ல. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் கம்பத்தின் இரு முனைகளிலும் ஆண்டெனா வைத்து ஒரே நேரத்தில் இரு படங்களையும் பதிந்ததால், இடைப்பட்ட நாட்களின் மாற்றம் என்ற தொல்லையே அதற்கு இல்லை. ஆனாலும் அது முந்திரித் தோப்பின் உச்சிப் பக்கத்தையே தரையாகக் காட்டும். கெடிலக் கரையின் வெள்ளக் கணக்குக்கு அப்படியே எடுத்தாளக் கூடாது.

எந்தச் செயற்கைக்கோளானாலும் தருவது தன் பார்வைக் கோட்டின் திசையில், ஒரு குறிப்புப் புள்ளியை ஒப்பிட்ட நகர்வை மட்டுமே. ஆகவே நெய்வேலிக்கு நிசாரை முதன்மையாகக் கொண்டு, குடியிருப்புப் பகுதிக்குச் செண்டினலின் பழைய படங்களைச் சேர்த்து, சுரங்கத்துக்கு வெகு தொலைவில் அசையாத இடமொன்றில் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழி இடங்காட்டும்) கருவி நிறுத்தி, அதைக் குறிப்புப் புள்ளியாகக் கொண்டு இரண்டின் அளவுகளையும் அதனோடு இணைப்பதே சரியான ஏற்பாடு.