ப்ளூபெல் காடா, காட்டுப்பூண்டுக் காடா?

பிரிட்டனில் வசந்தம் வந்தால் எல்லோரும் கேமராவோடு ஓடுவது ப்ளூபெல் என்ற நீல மணிப்பூ பூக்கும் காட்டுக்குத்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை தரை முழுக்க நீலம். அழகுதான், ஆனால் பார்ப்பதோடு சரி. பாதையை விட்டு இறங்கி மிதித்தால் இலை நசுங்கிக் கிழங்குக்குச் சத்து போகாது. அந்த இடம் தேறச் சில ஆண்டுகள் ஆகும். உள்ளூர் வகையா, ஸ்பானிய வகையா என்று அறிய மகரந்தத்தைப் பாருங்கள். வெண்மஞ்சளாக இருந்தால் உள்ளூர்.

காட்டுப்பூண்டைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. நம் ஓட்டு அதற்கே. ஈரமான மரநிழலில் மார்ச்சிலேயே துளிர்க்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். பூக்கும் முன் பறித்த இலைதான் இளசு. 100 கிராம் இலை, 50 கிராம் வால்நட், 50 கிராம் பார்மசான் சீஸ், 100 மில்லி ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் உப்பு சேர்த்து அரைத்தால் பெஸ்டோ என்ற இத்தாலியத் துவையல் தயார்.

சறுக்குவது பறிப்பதில்தான். அதே திட்டில் நச்சுள்ள ஏரம் செடியும் முளைக்கும். கொத்தாக அறுத்தால் அதுவும் கூடைக்கு வந்துவிடும். முகர்ந்து பார்ப்பது முதல் இலைக்குத்தான் உதவும், பிறகு விரலே பூண்டு மணக்கும். ஒவ்வோர் இலையாகப் பறித்து நரம்பைப் பாருங்கள்: பூண்டில் நீளவாக்கில் இணையாக ஓடும், ஏரத்தில் வலைபோலப் பின்னும். லில்லி ஆஃப் தி வேலி என்ற செடியும் விஷம்; அதன் நரம்பும் இணைதான், ஆனால் ஒரே தண்டில் இரண்டு இலை. பூண்டிலைக்குத் தனித்தனிக் காம்பு.

ப்ளூபெல், காட்டுப்பூண்டு இரண்டிலுமே கிழங்கைத் தொடாதீர்கள். நில உரிமையாளர் அனுமதியின்றிக் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.