ஒரு துப்பாக்கி, இரண்டு தேவை: சென்னையில் எதை வாங்கலாம்?

என் தங்கை கணவருக்கு வில்லிவாக்கத்தில் அடகுக் கடை. கடைக்கு மேல் மாடியிலேயே வீடு. போன தை மாதம் ஓர் இரவு கடையைப் பூட்டிய கையோடு நேரே என் வீட்டுக்கு வந்தவர், காபியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மச்சான், துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்குப் பாதுகாப்பாகவும் ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கிளப்புக்கு வந்து சுட்டுப் பழகவும் ஆயிற்று. எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார்.

பதினோரு வருடமாக ரைஃபிள் கிளப்புக்குப் போய்வருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லோருமே ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் அன்று இரவு பதினொன்றரை வரை மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போய்ப் பிடித்ததை எடுத்துவரும் பொருளல்ல இது. 9 மி.மீ., .38 (அங்குலக் கணக்கில் குழல் துளையின் அளவு) போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். வியாபாரிக்கு அவை எட்டாது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே சாதாரணக் குடிமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாத்தா காலத்து வெப்லியும் வால்தரும் இன்றைக்கும் பல லட்சத்துக்குக் கைமாறுவது இதனால்தான். அந்த விலை கொடுத்து அவற்றை வாங்காதீர்கள் என்பேன். ஒரு ஸ்பிரிங் உடைந்தால் அசல் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? ஆக, மிஞ்சுவது உள்நாட்டுத் தயாரிப்பான .32, .22. லைசென்ஸே தேவைப்படாத, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல் தனி.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு உண்மையாகவே தேவைப்படுகிறவர் ஒரு வகை. உரிமம் பெற்ற கிளப்பில் இரண்டு ஆண்டுகளாகச் சுறுசுறுப்பான உறுப்பினராக இருந்து, குறி சுடுதலை முறையாகக் கற்க விரும்புகிறவர் இன்னொரு வகை. விதியே இரண்டையும் தனித்தனி வாசலாக வைத்திருக்கிறது. அடகுக் கடைக்காரர் முதல் வாசலில் நிற்கலாம். கிளப் பக்கமே வராதவர் இரண்டாவது வாசலில் நிற்க முடியாது.

பாதுகாப்புக்கு என்றால் போட்டி .32 ரிவால்வருக்கும் .32 பிஸ்டலுக்கும் இடையில்தான். நான் ரிவால்வர் பக்கம். கான்பூர் அரசு ஆலையில் செய்த ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே உள்ள கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் முன்பக்கமாகக் கவிழும், உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு தோட்டாக்களையும் ஒன்றாகத் தூக்கிக் காட்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிஸ்டலில் அப்படி இல்லை. தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றிவிட்டோம், காலியாகிவிட்டது என்று நினைப்பார்கள். குழலுக்குள் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு தவறாலேயே வீடுகளுக்குள் கை தவறி வெடிப்பது உண்டு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் சிக்கிக்கொண்டால் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். வாரம் தவறாமல் பழகுகிறவனுக்கு அது பெரிய காரியமல்ல. நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்த ஐம்பது வயதுக்காரருக்குப் பெரிய காரியம்.

பிஸ்டலுக்கும் நல்ல பக்கம் உண்டு. தட்டையானது, இடுப்பில் உறுத்தாது, தோட்டாவும் ஒன்றிரண்டு கூடுதலாகப் பிடிக்கும். பணத்தோடு தினமும் வெளியே போய்வருகிறவர் நன்றாகப் பழகிக்கொண்டால் தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரண்டுமே .32 என்றாலும் ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது.

ரிவால்வர்களுக்குள் எது? 2014இல் வந்த நிர்பீக் டைட்டானியக் கலவையால் ஆனது, எடை அரைக் கிலோ, அப்போதே விலை 1.22 லட்சம் ரூபாய். பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வெளியிட்டார்கள். எடை குறைவு என்பது பையில் வைக்கத்தான் வசதி. சுடும்போது லேசான துப்பாக்கி கையில் அதிகமாகத் துள்ளும், அடுத்த குறி தவறும். 2023இல் வந்த பிரபல் 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். வீட்டுக்குள் 50 மீட்டருக்கு வேலையே இல்லை, ஆனால் அந்த 200 கிராம் கூடுதல் எடைக்காகவே நான் பிரபலைச் சொல்வேன். 250 கிராம் நிதார் .22 ரகம். அதைப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு லேசான கருவியை நடுங்கும் கையால் நேராகப் பிடிப்பது கடினம்.

இந்த ரிவால்வரையே கிளப்புக்கு எடுத்து வந்து குறி பழகலாமே என்றார் மாப்பிள்ளை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். குட்டை ரிவால்வரில், குறிபார்க்கக் குழல் நுனியில் உள்ள முன்குறிக்கும் பின்னால் உள்ள பின்குறிக்கும் இடையே சுமார் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அந்த இடைவெளி 30 செ.மீ.க்கு மேல், அதே தவறுக்குத் தண்டனை மூன்று செ.மீ.தான். 10 மீட்டர் போட்டியில் நடுவட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. குட்டை ரிவால்வரை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைத் தேடினால் மனம் சோர்ந்துபோகும். தவறு கையிலா கருவியிலா என்றே தெரியாமல் பழகுவது பழக்கமே அல்ல.

ஏர் பிஸ்டல் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். விசை அரைக் கிலோ எடையில் விடுபடும். ஒரே கையில் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டோமா, மணிக்கட்டு தளர்ந்ததா என்பது அட்டையில் ஓட்டையாக விழும். 4.5 மி.மீ.க்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இந்த வகைப் பிஸ்டலில்தான். தரமான இறக்குமதிப் பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். முதல் ஆறு மாதத்துக்கு கிளப் பிஸ்டலே போதும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். குண்டு ஈயம். .22 பிஸ்டல் அதற்கடுத்த படி. 25 மீட்டர் போட்டிக்கு வேண்டியது. இரண்டு வருடம் போகட்டும்.

பாதுகாப்புப் பக்கத்தில் விலைப் பட்டியலில் வராத சில உண்டு. நாடாளுமன்றத் தேர்தலோ சட்டமன்றத் தேர்தலோ வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19இல் முடிந்துவிட்டது. நடத்தை விதிகளோ மார்ச் 16 முதல் ஜூன் வரை நீடித்தன. அத்தனை நாளும் துப்பாக்கிக்காரர்கள் வீட்டைக் காத்தது கம்பிக் கதவுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கு செய்யவும் 37ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. நகையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்பது நீங்கள். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த நேரத்தில் இதெல்லாம் நினைவு வருமா மச்சான்?" என்றார். வராது. அதற்குத்தான் பயிற்சி என்றேன்.

அவர் வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் இருக்கிறான். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அதுதான். பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு இடம், சாவி ஒருவர் கையில் மட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் எந்த ரகமும் வாங்க வேண்டாம்.

வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகம்தான் அவருக்கு உரிமம் தரும் இடம். சற்றுத் தள்ளி உள்ள அம்பத்தூரில் இருந்திருந்தால் ஆவடி ஆணையரகத்துக்குப் போயிருக்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் காட்டி .32 ரிவால்வருக்கு எழுதிப் போட்டிருக்கிறார். கடைக்குச் சுருள் கதவுக்குப் பின்னால் இன்னொரு கம்பிக் கதவும் அலாரமும் வைத்துவிட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகனையும் அழைத்துக்கொண்டு கிளப்புக்கு வருகிறார். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் பழக விதி இடம் தருகிறது. போன வாரம் இருவரும் ஆளுக்கு நாற்பது குண்டு சுட்டார்கள். பையனின் அட்டையில் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன.