ரோமல் டேங்க் கிட் வாங்குனேன், பெயின்ட் சார்ட்ட மட்டும் நம்பாதீங்க

மூணு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் டைனிங் டேபிள்ல பேப்பர விரிச்சு உக்காந்து ஒருவழியா முடிச்சாச்சு. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் தளபதி ரோமல் வட ஆப்பிரிக்கால ஓட்டுன பான்சர் 3 டேங்கோட பிளாஸ்டிக் மாடல், 1/35 ஸ்கேல் (நிஜ அளவுல 35ல ஒரு பங்கு), ஜி வகை, 1941 மார்ச்ல லிபியாவோட திரிபோலி துறைமுகத்துல கப்பல்லேர்ந்து இறங்குச்சே அதே டேங்க். கம்பெனி பேர சொல்லல, கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு.

நல்லத முதல்ல சொல்லிடறேன். மோல்டிங் அருமை, பிசிறே இல்ல, குட்டையான 50 மி.மீ. பீரங்கி குழாய் ஒரே பீஸா வருது, அதனால ஒட்டுன கோட்ட உப்புத்தாள் போட்டு தேய்க்கிற வேலை மிச்சம். ட்ராக் (சக்கரத்த சுத்தி வர்ற சங்கிலிப் பட்டை) மட்டும் ஒவ்வொரு லிங்கா கோக்கணும், ஒரு பக்கத்துக்கே தொண்ணூறுக்கு மேல, கண்ணு போயிடும்.

இப்போ பிரச்சனைக்கு வரேன். கிட்டோட வர்ற பெயின்ட் சார்ட்ல முழு டேங்குக்கும் "டார்க் யெல்லோ"ன்னு போட்டிருக்கான். யோவ், அந்த கலர ஜெர்மன்காரன் கொண்டு வந்ததே 1943 பிப்ரவரில, அதே வருஷம் மே மாசம் டுனிசியால சரண்டர் ஆகி ஆப்பிரிக்கா கதையே முடிஞ்சுபோச்சு! 1941 டேங்குக்கு வேண்டியது ரால் 8000 (ரால்னா ஜெர்மன் கலர் நம்பர் வரிசை), மஞ்சளும் பழுப்பும் கலந்த கலர், அது மேல மூணுல ஒரு பங்கு ரால் 7008, கொஞ்சம் பச்சை அடிக்கிற சாம்பல். இதுக்கு மார்ச் 17ஆம் தேதி போட்ட ஆர்டரே இருக்கு. ஆனா டேங்க் எல்லாம் ஐரோப்பால அடிச்ச கரும் சாம்பல் கலர்லயே வந்து இறங்கிடுச்சு, அங்க போய்தான் மேல அடிச்சாங்க, அதான் ஆளுங்க கால் வச்சு ஏறுற இடம், கதவு ஓரம் எல்லாம் உரிஞ்சு அடியில சாம்பல் தெரியும். நான் முதல்ல சாம்பல் அடிச்சு, அக்காவோட ஹேர் ஸ்பிரேய அது மேல அடிச்சு, காஞ்சப்புறம் 8000 அடிச்சு, ஈர பிரஷ்ஷால லேசா தேச்சேன், அப்படியே உரிஞ்சு வந்துச்சு, இந்த ஒரு வேலைக்கே குடுத்த காசு தகும். அக்காவுக்கு புது டப்பா வாங்கி குடுத்தது தனி செலவு.

அடுத்த கடுப்பு, மூட்டை முடிச்சு. பாலைவன டேங்க் போட்டோ பாத்தீங்கன்னா வீடு காலி பண்ற லாரி மாதிரி இருக்கும், ஜெர்ரி கேன் (பெட்ரோல், தண்ணி ஊத்தி வைக்கிற இரும்பு கேன்), படுக்கை சுருள், தார்ப்பாய், ஸ்பேர் ட்ராக்னு ஒரு இடம் விடாம கட்டியிருப்பாங்க. கட்டாம என்ன பண்றது, ஃபுல் டேங்க் பெட்ரோலுக்கு நல்ல ரோட்டுலயே 150 கிலோமீட்டர் சொச்சம்தான் ஓடும், மணல்ல இன்னும் கம்மி, திரிபோலிலேர்ந்து பெங்காசிக்கே சுமார் 1000 கிலோமீட்டர், உள்ள இருக்குற அஞ்சு பேருக்கு தண்ணியும் கூடவே தூக்கிட்டு போகணும். அப்படிப்பட்ட டேங்குக்கு இந்த கிட் கம்பெனிக்காரன் குடுத்திருக்கறது நாலே நாலு கேன்! அந்த கேன் என்ன லேசுப்பட்ட சாமானா, பிரிட்டிஷ்காரன் தகர டின்னு ஒழுகி ஒழுகி ஏகப்பட்ட பெட்ரோல் மணல்ல போக, கைப்பத்துன ஜெர்மன் கேன பாத்து அப்படியே காப்பி அடிச்சான், ஜெர்மன்காரனுக்கு அவன் வச்ச பட்டப்பேர்தான் "ஜெர்ரி". தனியா ஒரு கேன் செட் வாங்கிக்கோங்க. படுக்கைக்கு டிஷ்யூ பேப்பர ஃபெவிகால் தண்ணில முக்கி சுருட்டுனேன், காஞ்சா துணி மாதிரியே நிக்குது.

டெக்கால் ஷீட், அதாவது தண்ணில நனைச்சு ஒட்டுற சின்னங்க, பரவால்ல. ரோமல் படையான ஆப்பிரிக்கா கோரோட பனைமர சின்னம் அழகா இருக்கு, நடுவுல வர்ற ஸ்வஸ்திகாவ மட்டும் ரெண்டு துண்டா வெட்டி குடுத்திருக்கான், ஜெர்மனி சட்டத்துக்கு பயந்துக்கிட்டு. நான் அத ஒட்டல, வெறும் மரம் போதும்.

ஆஃபர்ல வந்தா வாங்கலாம், முழு விலைக்கு வேணாம். தண்ணி கேனுக்கு வெள்ளை கிராஸ் போடணும், பெட்ரோல் கேன்லேர்ந்து பிரிச்சு தெரியறதுக்கு, டெக்கால்ல அது இல்ல. பல் குத்துற குச்சிய வச்சு நானே போட்டேன், ரெண்டு கோணலாயிடுச்சு, அந்த ரெண்டையும் திருப்பி ஒட்டிட்டேன்.