குமரி வீட்டுக்கு எந்த முற்றம்: திறந்ததா, கண்ணாடி மூடியதா, பக்கத்தில் ஒதுக்கியதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் இரண்டு மழைக்குக் கணக்குப் போட்டாக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும் சாரல் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டுவது இன்னொன்று. வீட்டுக்குள் பருவம் தெரிய வேண்டும் என்று முற்றம் கேட்பவர்கள், இந்த இரண்டையும் எந்த அளவுக்கு உள்ளே விடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் தூணும் ஊஞ்சலும்.

நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மேலே ஒன்றுமில்லாத நடுமுற்றம். அதே முற்றம், மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டது. வீட்டின் நடுவில் இல்லாமல், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையே நீளவாக்கில் ஒதுக்கிய பக்க முற்றம்.

வெயில் எங்கே விழும்?

மூன்றுக்கும் பொதுவானது இது. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்: பங்குனிக் கடைசியில் ஒரு முறை, ஆவணி நடுவில் ஒரு முறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். கடிகாரத்தில் நண்பகல் என்பது இங்கே 12.20 மணி வாக்கில்.

முற்றத்துக்கு மேலே கூரைத் திறப்பின் விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆனி மாத நண்பகலில் வெயில் கட்டம் திறப்புக்கு நேர் கீழிருந்து மூன்றடிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே நகர்ந்து விழும். மார்கழியில் ஆறடி வடக்கே நகர்ந்து, வடக்குத் தாழ்வாரத்துக்குள் ஏறிவிடும். பெரியவர்கள் மார்கழியில் உட்காரும் கட்டில், வடகம் காயப்போடும் பாய், இவற்றின் இடம் வடக்குத் தாழ்வாரம். தெற்குத் தாழ்வாரத்தில் மார்கழி நண்பகல் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு மாதாமாதம் பார்த்தால் வீடே பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிடும்.

திறந்த நடுமுற்றம்

மழையின் மணம், மண்ணின் குளிர்ச்சி, இரவில் நிலா, எல்லாம் முழுதாகக் கிடைப்பது இதில் மட்டும்தான். வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியேறுவதற்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்தவர்களுக்கு இது புரியும். அங்கே முற்றங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் கொண்டுவர, மேல் மாடியின் சாய்ந்த மர அழிகள் மழையைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன.

இதில் கெட்டுப்போகும் முதல் இடம் தண்ணீர் வெளியேறும் வழி. கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் முற்றத்துக்குத்தான் வரும். 24 அடிக்கு 24 அடி கூரை, ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை என்றால் சுமார் 2,675 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 45 லிட்டர். கூரைச் சரிவை வெளிநோக்கி வைத்து 8க்கு 8 திறப்பு மட்டும் விட்டால், அதே மழையில் முற்றத்தில் விழுவது 300 லிட்டர்தான். இந்த ஒரு முடிவு ஒன்பது மடங்கு வித்தியாசம் செய்கிறது. நாலு பக்கமும் ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் திரையாக வடிய வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அதற்கேற்ற வடிகால் வைத்துவிட்டு ஆசைப்பட வேண்டும்.

"நாலிஞ்சு பைப் ஒன்று போதும்" என்று கொத்தனார் சொல்வார். சுத்தமாக இருந்தால் போதும்தான். ஆனால் மாவிலையோ பலா இலையோ ஒன்று வாயில் ஒட்டிக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் பட்டாசாலைக்குள் (முற்றத்தை ஒட்டிய கூடத்துக்குள்) தண்ணீர் ஏறும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு நாலிஞ்சுக் குழாய்கள், வாயில் குவிந்த சல்லடை (தட்டையானதில் இலை படிந்து மூடிவிடும்), பத்தடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு, கழிவறைக் குழாயோடு இணைக்காமல் நேரே வெளியே மழைநீர்க் குழிக்கு. குழாயின் வெளி முனையிலும் வலை வேண்டும். தவளையும் அதைத் தேடி வரும் பாம்பும் அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். முற்றத் தரை தாழ்வாரத்தைவிட ஒரு படி, ஆறு அங்குலமாவது, தாழ்ந்திருக்க வேண்டும்.

தளம் போட்டு முடிந்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். ஓரச் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ, அங்கே வட்டம் போட்டு, கொத்தனாருக்குக் கூலி கொடுக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். அந்த உள்ளங்கைத் தண்ணீர்தான் பிறகு பாசியும் கொசுவும்.

இரண்டாவது சிக்கல் தூவானம். மேல்காற்றில் (மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில்) மழை 30 பாகை சாய்ந்து வந்தால், 10 அடி உயரத் திறப்புக்குக் கிழக்கே கிட்டத்தட்ட ஆறடி நனையும். ஆடியில் நனைவது கிழக்குத் தாழ்வாரம். ஐப்பசியில் வாடைக்காற்றோடு வந்தால் தெற்கும் மேற்கும். சுவிட்ச் பெட்டி, மர அலமாரி, ஊஞ்சல் இவற்றைக் கிழக்கில் வைக்காதீர்கள். அங்கே சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி ஒன்று போதும். தேக்கோ அயனியோ, மரத்தூண் எதுவானாலும் அடியில் ஓரடி உயரக் கல் பீடம் வேண்டும். மரம் தரையைத் தொட்டால் அடிப்பாகம்தான் முதலில் இற்றுப்போகும். தரைக்குப் பளபளப்பான டைல் கூடவே கூடாது. கொத்திய கருங்கல் பாளமே மழைக்காலத்தில் கால் வழுக்காமல் காப்பாற்றும். மேலே கம்பி அழி போடுவதும் கட்டாயம்: 12 மி.மீ. கம்பி, நாலு அங்குல இடைவெளி.

கண்ணாடி மூடியது

கேட்பவர்கள் அதிகம், வருந்துபவர்களும் அதிகம். மழை தெரியும், மழை வராது. திருட்டுப் பயமும் கூட்டிப் பெருக்கும் வேலையும் குறைகின்றன. ஆனால் நண்பகல் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும் ஊரில், மேற்கூரையில் கண்ணாடி போடுவது வெயிலைப் பிடித்து வீட்டுக்குள் அடைப்பது போல. பங்குனியில் மாடி அறைகள் வேகும். முற்றம் எதற்காகக் கேட்டோமோ, அந்தக் காற்றுதான் முதலில் போகிறது.

போட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணாடியைத் திறப்பின் மேல் ஒட்டி வைக்காமல் ஒன்றரை அடி உயர்த்தி, சுற்றிலும் சாய்ந்த சட்டங்களும் கொசு வலையும் வைத்து, கண்ணாடி விளிம்பை ஓரடி வெளியே நீட்ட வேண்டும். மேற்குப் பக்கச் சட்டங்களை மட்டும் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். கிழக்குப் பக்கம் தாராளமாகத் திறந்திருந்தால் மேல்காற்றே சூட்டை இழுத்துப் போய்விடும். டஃபன்ட் கண்ணாடி மட்டும் போதாது, உடைந்தால் பொடிப்பொடியாகத் தலையில் கொட்டும். இரண்டு 6 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட் வகை வேண்டும். ஓரடி நீட்டலையும் சேர்த்தால் 8க்கு 8 திறப்புக்கே அது சுமார் 280 கிலோ வரும். அதைத் தாங்கும் சட்டத்தை முன்பே திட்டமிடுங்கள். பக்கத்தில் தென்னை நின்றால் இந்த யோசனையே வேண்டாம்.

பாலிகார்பனேட் மலிவு, எடையும் குறைவு. ஆனால் வெயில் தாங்கும் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கும். உள்ளே குழல் குழலாக இருக்கும் தகட்டில் குழல்கள் சரிவின் திசையில் ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய நாடாவாலும், கீழ் முனையைக் காற்றுப் போகும் நாடாவாலும் மூடாவிட்டால் உள்ளே எறும்பும் பாசியும் குடியேறி, துடைக்கவே முடியாமல் போகும். வெயிலில் மீட்டருக்கு 3 மி.மீ. வரை நீளும் என்பதால் துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அடைமழையில் சத்தம் தகரக் கொட்டகை போலவே இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் மரங்களை வேரோடு சாய்த்ததை மறந்து யாரும் லேசான தகட்டை நாலு திருகாணியில் நிறுத்தக் கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் சாதாரண இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்; அலுமினியமோ 316 வகை எவர்சில்வரோ போடலாம்.

பக்க முற்றம்

ஐந்து சென்ட் மனைக்கு எங்கள் தேர்வு இதுதான். நடுமுற்றம் 8க்கு 8 என்றாலும் சுற்றி நடக்க மூன்றடி விட்டால் 196 சதுர அடி போகும். பக்க முற்றம் நாலடி அகலம், பன்னிரண்டடி நீளம் என்றால் 48 சதுர அடியோடு முடிகிறது. கூடமும் சாப்பாட்டு இடமும் அதைப் பார்த்து அகலமான கதவுகளோடு திறக்கும். மேலே கம்பி அழி, தரையில் சரளைக்கல், ஓரமாக ஒரு நாலிஞ்சு வடிகால்.

எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வடக்கில் வெயிலே வராது என்று எங்கோ எழுதியதை நம்பிவிடுகிறார்கள். இங்கே பங்குனிக் கடைசி முதல் ஆவணி வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. அதனால் வடக்கில் வைத்தால், தென்மேற்கு மழையில் ஊறிய தரைக்கு மழை விட்ட இடைவெளியில் வெயில் கிடைக்கும், பாசி அடங்கும். மேல்காற்றும் நேரே அடிக்காது. தெற்கில் வைத்தால் ஆனி, ஆடி மழையில் நிழல், மாசியில் கொதிப்பு. மேற்கில் வைப்பது சாரலையும் மாலை வெயிலையும் சேர்த்து அழைப்பது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் மழை குறைவு, கணவாய்க் காற்றுதான் பிரச்சினை. அங்கே மேற்குச் சுவரைத் திறப்பில்லாமல் உயர்த்தி, கதவுகளுக்கெல்லாம் கொக்கி வைக்க வேண்டும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்தில் பத்து சென்ட்டுக்கு மேல் மனையும், தினமும் இலை அள்ள ஆளும் இருந்தால் திறந்த நடுமுற்றத்தைத் துணிந்து கட்டலாம்.

செடிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பக்க முற்றத்தில் ஒரு பவழமல்லி. மழைக்காலம் முடியும் மாதங்களில் விடியற்காலை சரளைக்கல் முழுதும் பூ உதிர்ந்து கிடக்கும். சுவரோரம் கம்பியில் ஏற்ற ஒரு பிச்சிக்கொடி. மா, பலா இரண்டையும் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். வடிகாலில் தண்ணீர் நிற்கும் வளைவு இருந்தால் கோடையில் வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றினால் நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகவே வரும்.